எட்டு என்று சொன்னது நான்தான்

வீட்டு வாசல் காங்கிறீற்றில் ஓர் எண்ணெய்க் கறை. மகனின் கார் நின்ற இடம். கார் போய் மூன்று மாதம். வெயில் ஏறினால் இன்னமும் எஞ்சின் எண்ணெய் மணக்கிறது. மணப்பதாக நினைத்துக்கொள்கிறேனோ, தெரியாது.

அந்த மணம் எனக்கு மெல்பேர்ன். எண்பதுகளின் நடுவில், எஞ்சின் செய்யும் தொழிற்சாலையொன்றில் வரைபடம் கீறும் வேலை. ஸ்பிரிங்வேலில் ஓர் அறை. சனி, ஞாயிறு என் குரலை நானே கேட்காமல் கழிந்துவிடும். திங்கட்கிழமை எஞ்சின் சோதிக்கும் கூடத்தில் போய் நிற்பேன். நாலு சிலிண்டர் அவசரமாகப் பேசும். ஆறு நிதானமாகப் பேசும். எட்டு மட்டும் அடித்தொண்டையில் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகத்தான் போனேன் போலும்.

மேலாளர் பிரையன் ஆறின் கட்சி. எட்டென்றால் முன்பக்கம் பாரம், அதற்குப் பெரிய பிரேக், சூட்டுக்குப் பெரிய ரேடியேற்றர், வளைவில் திருப்பினாலும் நேரே போகப் பார்க்கும் என்று பென்சிலால் கீறிக் காட்டுவார். விற்பனைப் பிரிவோ எட்டைத்தான் கேட்கும். சனம் காதால்தான் கார் வாங்குகிறது என்று சலித்துக்கொள்வார். அவர் ஓட்டியதும் எட்டுத்தான், அதை விடுங்கள்.

பிறகு சிட்னி, கலியாணம், பென்டில் ஹில்லில் வீடு. வளர்ந்த மகன் என்னோடு பேசியது கார்களைப் பற்றி மட்டும். இருபத்திரண்டு வயதில், பழைய கார் விற்கும் இடத்தில், ஒரேமாதிரி இரண்டு கார்களுக்கு நடுவில் நின்றான். ஒன்றில் ஆறு, மற்றதில் எட்டு.

"அப்பா, சிக்ஸா எயிட்டா? யூ டிசைட்."

"விசர்க்கதை கதையாதேங்கோ, சின்னதா ஒண்டை எடுங்கோ," என்றாள் மனைவி எங்கள் இருவரையும் பார்த்து.

அவன் என்னிடம் ஒன்று கேட்டுவிட்டான். அந்தப் புளுகத்தில், அந்தச் சந்தோஷத்தில், எல்லாம் தெரிந்த நான், "எட்டு" என்றேன்.

மழை நாள், ஒரு வளைவு, ஒரு மரம். அவனுக்கு இரண்டு விலா எலும்பும் கணுக்காலும் உடைந்தன.

"நான் சொல்லியிருக்கக் கூடாது, தம்பி," என்றேன் ஆஸ்பத்திரியில்.

"இட்ஸ் ஓகே அப்பா. ஐ வாஸ் டிரைவிங்."

ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

போன சனிக்கிழமை ஒரு சின்னக் காரோடு வந்து தெருவோரம் நிறுத்தினான். நாலு சிலிண்டர்.

"எப்ப வாங்கினனி?"

"லாஸ்ட் வீக். அம்மா நோஸ்."

சுற்றிவந்து பார்த்தேன். பாரம் குறைவு, பிரேக் தாராளம். நல்ல தெரிவு. கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.