மூன்று நாள் வெயிலில் கிடந்த ஓணானும் செல்லையாவும்

செல்லையா போய்விட்டார். நேற்று மத்தியானம் அவர் மகன் போன் செய்து சொன்னார்.

இலஞ்சி செல்லையா. தொண்ணூற்றெட்டு வயசு. இங்கே யாருக்கும் அவரைத் தெரிந்திருக்காது... இருந்தாலும் எழுதுகிறேன். ஒற்றை விரலில் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாற்பத்தெட்டாம் வருஷம். குற்றாலத்து மலையடிவாரத்தில் ஒரு பழத்தோட்டம். இன்டர்மீடியட் முடித்த கையோடு எனக்கு அங்கே ரைட்டர் வேலை கிடைத்தது. மழை எவ்வளவு, சூடு எவ்வளவு என்று தினமும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும்.

செல்லையா தோட்டத்து மாட்டுவண்டி ஓட்டினார். என்னைவிட இரண்டு வயசு மூத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது.

சாரல் பலமாக அடித்தால் பாதி வழியில் வண்டியை நிறுத்தி மாடுகளை அவிழ்த்து விடுவார். இரண்டும் தானாகத் திரும்பி, காற்றுக்குப் பின்புறத்தைக் காட்டி, தலையைத் தாழ்த்தி நிற்கும். அவரும் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு நடுவில் அதே மாதிரி திரும்பி நின்றுவிடுவார்.

புகை மாதிரி நீர். மலை இல்லை, மரம் இல்லை... மூன்று முதுகுகள் மட்டும் தெரியும்.

"வே ரைட்டரே, நீரும் வந்து நில்லும். நாலாவது முதுகுக்கு எடம் கெடக்கு."

நான் போகவில்லை. குடையோடு தள்ளி நின்றேன். சட்டை நனைந்துவிடும் என்று பயம்.

ஆபீஸுக்குப் பின்னால் ஒரு கல் சுவர் உண்டு. சாரல் ஓய்கிற ஆவணி மாதம், அதில் ஓணான்கள் வரும். யாரும் சொல்லாமல் நானாகவே அவற்றையும் நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அரைமணிக்கு ஒரு தடவை.

காலையில் கறுத்த நிறத்தில், கல்லோடு கல்லாக, வெயிலுக்குக் குறுக்கே உடம்பை வைத்துப் படுத்திருக்கும். சூடு ஏற ஏற நிறம் வெளுக்கும். பிறகு வாலைத் தூக்கி, காலை ஊன்றி, வயிறு கல்லில் படாமல் நிற்கும். பதினொரு மணிக்கெல்லாம் ஒன்றுவிடாமல் மாமர நிழலுக்குப் போய்விடும். கடிகாரம் பார்த்த மாதிரி. அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரே ஒரு ஓணான் மட்டும் போகவில்லை. பூனை கடித்து அதன் தொடையில் புண். பன்னிரண்டு மணிக்கும் கல்லிலேயே கிடந்தது. மூன்று நாள் அப்படியே. நாலாம் நாள் மற்றவற்றோடு நிழலுக்குப் போனது.

செல்லையாவும் வைக்கோல் இறக்க வரும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு மேலுக்குச் சொகமில்லவே. காய்ச்சல்."

"ஓணானுக்கு ஏதுவே காய்ச்சல்? அதுக்குச் சொந்தமாச் சூடு கிடையாது. கல்லு என்ன சூடோ, அதுவும் அந்தச் சூடுதான். புஸ்தகத்துல இருக்கு."

அவர் சிரித்தார். "அப்பக் காய்ச்சல் வேணும்னா கல்லுகிட்டதான வாங்கணும்? அதான் வாங்குது."

நானும் சிரித்தேன். பிறகு ஆபீஸுக்குள் போய் அந்த மூன்று நாள் வரிகளையும் கோடு போட்டு அடித்துவிட்டேன். ஒழுங்குக்கு வரவில்லை, நான்தான் எங்கோ தப்பாகப் பார்த்திருப்பேன் என்று நினைத்தேன்.

அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். படிக்கத் தெரியாதவருக்கும் அடித்த கோடு தெரியும்.

"அது மூணு நாளு வெயில்ல வெந்துருக்கு. நானும் பாத்தேன், நீரும் பாத்தீரு. ரெண்டு பேரு பாத்ததை அடிச்சிட்டீரேவே?"

அதற்கப்புறம் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த வருஷக் கடைசியில் எனக்கு வேறு ஊரில் வேலை வந்துவிட்டது. அந்த நோட்டை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ரொம்பக் காலம் கழித்து, ரிட்டையர் ஆன பிறகு, விலங்குகளைப் பற்றிய ஒரு புத்தகத்தில் படித்தேன். சில பல்லி, ஓணான் வகைகள் நோய் வந்தால் வெயிலைத் தேடிப் போய் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுமாம். அதற்கு அதுதான் காய்ச்சல்... செல்லையா சொன்ன அதேதான்.

உடனே கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஒரே ஒரு ஓணான், மூன்றே நாள். நாங்கள் பார்த்தது அதுதான் என்று எப்படிச் சொல்வது? கிழித்துப் போட்டேன். இப்படிப் பல வருஷம்.

போன வருஷம் தென்காசிக்காரர் ஒருவர் மூலம் அவர் நம்பர் கிடைத்தது. அடிப்பேன். ரிங் போகும். கட் செய்துவிடுவேன். எத்தனை தடவை என்று எழுதி வைத்திருக்கிறேன், இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நேற்று அந்த நம்பரிலிருந்தே கால் வந்தது. அவர்தான் என்று நினைத்து, இந்தத் தடவை கட் செய்யாமல் எடுத்தேன்.

"ஐயா, அப்பா போன்ல ஒங்க மிஸ்டு காலா கெடக்கு. யாருன்னு தெரியல. அதான், சொல்லிருவோம்னு... அப்பா இன்னைக்குக் காலைல தவறிட்டாவ."

நான் யார் என்று சொன்னேன்.

"ரைட்டரா? ஒரு ஓணான் கதை சொல்லுவாவளே... அந்த ரைட்டரா?"

ஆமாம் என்றேன். எப்படி இருந்தார் என்று கேட்டேன்.

"ஒரு வாரமாக் காய்ச்சல்யா. மேலு குளுருதுன்னு முத்தத்துல கட்டிலைப் போடச் சொல்லிட்டாவ. மத்தியான வெயில்லகூட உள்ள வரமாட்டேன்னுட்டாவ. நாங்க எவ்வளவோ சொன்னோம்..."

இன்று காலை அந்தப் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். கோட்டுக்கு அடியில் எழுத்து இன்னும் தெரிகிறது. அந்த மூன்று நாள் வரிகளையும் பக்க ஓரத்தில் திரும்ப எழுதினேன்.

கீழே இப்படிப் போட்டேன்: பார்த்தவர்கள் இரண்டு பேர். செல்லையா, நான்.

போய்ட்டு வாரும்வே, செல்லையா.

இங்கன வெயில் நல்லா இருக்கு.