கிட்டாருக்கு வைத்த பொட்டு

இருபது வருஷம் இருக்கும். துபாயில் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் தங்கி, மேடை போடும் கம்பெனியில் கார்ப்பென்டராக இருந்தேன். இங்கிலாந்திலிருந்து ஒரு ராக் பேண்ட் கச்சேரிக்கு வந்திருந்தது. நாலே பையன்கள். ஒரே ஒரு சிடி போட்டு, மூன்று வருஷத்தில் பெரிய ஆளாகிவிட்டார்களாம்.

கச்சேரிக்கு முதல் நாள் மத்தியானம் ஒத்திகை. நான் மேடை ஓரத்தில் பிளைவுட் அடித்துக்கொண்டிருந்தேன். எனக்கே மனசு சரியில்லை. மனைவியை ஃபோனில் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, மூன்று வாரமாகக் கூப்பிடாமல் வீராப்பாக இருந்தேன். மேடையில் கிட்டார்காரனுக்கும் பாடுகிறவனுக்கும் வாய்த்தகராறு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிட்டார்காரன் தன் கிட்டாரை ஓங்கித் தரையில் அடித்தான். அதன் கழுத்து முறிந்து தொங்கியது. எனக்குப் பகீரென்றது. உளியில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவன் நான். சோறு போடுகிற சாமானை ஒருத்தன் இப்படியா அடிப்பான்?

குப்பையில் போட்டதை, யாரிடமும் கேட்காமல் ரூமுக்கு எடுத்துப்போனேன். பசை தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கினேன். காலையில் கழற்றியதும், ஆயுத பூஜைக்கு வைக்கிற மாதிரி பின்பக்கம் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தேன்.

திருப்பிக் கொடுக்க எடுத்துப்போனபோது, சைட்டில் திருநெல்வேலிக்கார சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டார். “சைட் சாமான வெளிய கொண்டுபோனா அது களவுடே! விசாவ கேன்சல் பண்ணி ஊருக்கு ஏத்தி விட்ருவானுவ!”

சத்தம் கேட்டுக் கிட்டார்காரனே வந்தான். வாங்கித் திருப்பிப் பார்த்தான். பொட்டைக் காட்டி, இது என்ன என்றான். நீங்கள் அடித்ததற்காக இவன் கிட்டாரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறான் என்று சூப்பர்வைசர் இங்கிலீஷில் சொன்னார். அவ்வளவுதான், அந்த ஆள் பிளைவுட் மேலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். ஏதேதோ சொன்னான்.

சூப்பர்வைசர் முகமே மாறிவிட்டது. “நேத்து இவன் பேசுன பேச்சுக்கு பாடுதவன் இனி சேர மாட்டானாம்டே. இன்னைக்குக் கச்சேரியோட பேண்டையே கலைக்கானுவளாம்.”

என் விசா தப்பியது. ஆனாலும் பேண்ட் கலையப்போகிறது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. சாயங்காலம் அதே கிட்டாரைத்தான் வாசித்தான். கூட்டம் தொண்டை கிழியக் கத்தியது. கடைசிப் பாட்டு முடிந்ததும் நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் தனித்தனி வண்டியில் ஏறிப் போனார்கள்.

மறுநாள் விடிந்ததும் ஃபோன் கார்டு வாங்க ஓடினேன். மனைவியின் குரலைக் கேட்டதும், திட்டியதற்கு மன்னித்துவிடு என்றேன். முன்பின் தெரியாத ஒருத்தனின் கிட்டாரிடம் மன்னிப்புக் கேட்ட நான், கட்டியவளிடம் அதுவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.