சக்கரத்தின் முதுகில் சந்தனம்

போன வாரம் எங்கள் ஃபேக்டரியில் ஐந்து சக்கரங்கள் ஒரே நாளில் மக்கர் செய்தன. தசரா லீவுக்கு முன்னால் நல்ல பிள்ளைகளாக இருந்தவை. லீவு முடிந்து வந்து பார்த்தால்... ஐந்தும் பேலன்ஸ் தப்பி ஆடுகின்றன!

சக்கரம் என்றதும் லாரி டயரை நினைத்துவிடாதீர்கள். என் உள்ளங்கைக்குள் அடங்கும் அலுமினியச் சக்கரம். டர்போசார்ஜர் என்று டீசல் எஞ்சினுக்கு ஒரு துணைக் கருவி உண்டு. வெளியே போகிற புகையின் வேகத்தை வைத்தே எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும். அந்தத் திணிக்கிற வேலை இந்தக் குட்டிச் சக்கரத்தினுடையது. நிமிஷத்துக்கு லட்சம் சுற்று வரை சுற்றும். சீலிங் ஃபேன் சும்மா சுற்றும்போதே நாம் அண்ணாந்து பார்த்துப் பயப்படுகிறோம்!

இதைச் செய்ய இரண்டு வழி. அலுமினியத்தை உருக்கி அச்சில் ஊற்றி வார்க்கலாம். அல்லது அடித்து இறுக்கிய கட்டியை மெஷினில் இதழ் இதழாகச் செதுக்கலாம். செதுக்கியது பலசாலி. ஆனால் ஒன்றைச் செதுக்கி முடிப்பதற்குள் வார்ப்பில் ஒரு கூடை நிறைந்துவிடும். வார்ப்புக்குப் பெரிய எதிரி, உள்ளே ஒளிந்திருக்கும் ஓட்டை. இட்லியில் ஓட்டை இருந்தால் புகழ்வோம். இங்கே இருந்தால் சக்கரம் வெடிக்கும்.

இதுவரை செதுக்கிய சக்கரங்களை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைத்தோம். நாமே வார்க்கலாம் என்று இரண்டு வருஷமாக மல்லுக்கட்டியவர் வார்ப்புப் பிரிவு ஃபோர்மேன் ஜெபராஜ். இந்த ஐந்தும் டெஸ்டில் தேறினால் அவர் பிரிவு நிலைக்கும். தேறாவிட்டால் அதை மூடி, அவரையும் அவருடைய எட்டு ஆட்களையும் ஆளுக்கொரு மூலைக்கு அனுப்பிவிடுவார்கள். பரீட்சை சக்கரத்துக்கு... காய்ச்சல் ஜெபராஜுக்கு!

ஜெபராஜின் தாத்தா காலத்திலேயே திருநெல்வேலியிலிருந்து புனே கன்டோன்மென்ட்டுக்கு வந்துவிட்ட குடும்பம். சர்ச் கமிட்டியில் இருக்கிறார். நெல்லைத் தமிழும் இந்தியும் அவர் வாயில் ஒரே தட்டில் பரிமாறப்படும்.

டிசைன் மேனேஜர் குல்கர்ணிக்கு வார்ப்பு என்றாலே ஆகாது. பேலன்ஸ் மெஷினின் முள் ஆடுவதைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"தேக்கோ, பாருங்க மேடம், காஸ்டிங்கோட லட்சணமே இதுதான். உள்ளே எல்லாம் ஓட்டை. ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் லேசு" என்றார் என்னிடம்.

நான் லேபில் உலோகத்தைச் சோதிக்கிறவள். நான் "ஃபெயில்" என்று எழுதினால் கதை முடிந்தது. பேனாவை எடுத்தும் விட்டேன்.

ஆனால் ஒரு சந்தேகம். லீவுக்கு முன்னால் சரியாக இருந்ததே! ஓட்டை என்ன, பூட்டிய ஃபேக்டரியில் உட்கார்ந்து வளருமா? அதோடு, ஐந்திலும் கனம் ஒரே இடத்தில் — பின்பக்கம் நம்பர் குத்தியிருக்கிற இடத்தில் — கூடியிருந்தது. ஓட்டைகள் இவ்வளவு ஒற்றுமையாகவா இருக்கும்?

ஒரு சக்கரத்தைக் கழற்றித் திருப்பினேன். நம்பர் பக்கத்தில் மங்கலாக ஒரு பூச்சு. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன்.

சந்தனம்!

எங்கள் ஊர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தசராவுக்கு முதல் நாள் புனேயில் எல்லா ஃபேக்டரியிலும் மெஷின்களுக்குப் பூஜை. ஸ்பானருக்குக்கூடச் செவ்வந்தி மாலை போடுவார்கள். ஆனால் பேலன்ஸ் பார்த்து வைத்த சக்கரத்தை யாரும் தொட மாட்டார்கள். லட்சம் சுற்றில் ஒரு துளி சந்தனம்கூடப் பெரிய பாரம். செதுக்கிய சக்கரமாக இருந்திருந்தால் அந்த வழவழப்பில் காய்ந்து உதிர்ந்திருக்கலாம். வார்ப்பின் சொரசொரப்பில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"யார் வைத்தது?" என்று திரும்பினேன். ஜெபராஜின் முகம் வெளுத்துவிட்டது. என்னை ஓரமாகக் கூட்டிப் போனார்.

"மேடம், ஸச், நெசத்தச் சொல்லுதேன். நாந்தான் வச்சேன்."

"நீங்களா? பூஜை அன்றைக்கு நீங்கள் பிரசாதம் மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவீர்களே!"

"என்ன செய்ய? சர்ச்சுல மூணு வாரமா முட்டி போட்டு ஜெபம் பண்ணியாச்சு. ஆனாலும் பயம் போகலை. பயலுவ எட்டு பேரு என் மொகத்தையே பாக்கானுவ. எல்லாரும் சாப்பிடப் போனப்போ, யாருக்கும் தெரியாம பின்னால தடவிட்டேன். நம்ம பாஸ்டர் ஐயாவுக்குத் தெரிஞ்சா... அம்புட்டுதான், என் கத ஃபினிஷ்!"

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது ஒரு பக்கம். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்பிரிட்டால் ஐந்தையும் துடைத்தேன். முள் சமர்த்தாகத் தன் இடத்துக்கு வந்து நின்றது.

"பின்பக்கம் அழுக்கு இருந்தது, துடைத்தாயிற்று" என்று குல்கர்ணியிடம் சொன்னேன். ரிப்போர்ட்டிலும் அவ்வளவுதான் எழுதினேன். பொய்யில்லையே?

அப்புறம்தான் நிஜமான பரீட்சை. தடித்த எஃகுச் சுவருக்குள் வைத்து, வழக்கமான வேகத்தையும் தாண்டிச் சுழற்றுவது. ஊளைச் சத்தம் ஏற ஏற, ஜெபராஜ் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. எந்த மொழியில், எந்தச் சாமியிடம் என்று நான் கேட்கவில்லை.

ஐந்தும் தேறின.

குல்கர்ணிக்கு மனம் ஆறவில்லை. "ஒன்றை நடுவில் அறுத்துப் பாருங்கள்" என்றார். அறுத்தேன். மெருகேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஓட்டை ஒளியக்கூடிய தடித்த நடுப்பாகம், கெட்டியாக, சுத்தமாக இருந்தது. குல்கர்ணி நெடுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, ஜெபராஜ் முதுகில் ஒரு தட்டு.

"நின்று நின்று போகிற டவுன் பஸ்ஸில் வேகம் ஏறி இறங்கி வார்ப்பு சீக்கிரம் களைத்துவிடும், அதற்குச் செதுக்கியதே இருக்கட்டும். லாரிக்கு உன் சக்கரம்."

ஜெபராஜ் அழுதே விட்டார். எனக்கும் கண் கலங்கியது — ஸ்பிரிட் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

டீ குடிக்கும்போது மெதுவாக என் பக்கத்தில் வந்தார்.

"மேடம், ஒரு டவுட்டு. ஜெபம் கேட்டுதா, சந்தனம் கேட்டுதா?"

"ஓட்டை விழாமல் நடுப்பாகம் முதலில் உறைய வேண்டும் என்று அச்சுக்குள் குளிர்ந்த இரும்புத் துண்டு ஒன்று வைத்தீர்களே... அது யார் சொல்லி?"

"அது நானா யோசிச்சது. நாப்பது தடவ ஊத்திப் பாத்து, நாப்பதும் கெட்டுப்போன பெறகு."

சந்தனம் துடைத்த பிறகுதானே சக்கரம் தேறியது என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். பக்கத்து வீட்டுச் சாமியிடமும் திருட்டுத்தனமாகப் போய் நிற்கிற அளவுக்குப் பயந்த மனிதர், அலுமினியத்தை அலட்சியமாகவா ஊற்றியிருப்பார்?