யாழினி ஏன் உட்காரவில்லை

கற்றலில் சிரமப்படும் பிள்ளைகளுக்கான சிறப்பு ஆசிரியராக ஆரணி வட்டாரத்தில் பள்ளி பள்ளியாகச் சுற்றி, சமீபத்தில்தான் ஓய்வு பெற்றேன். புதிதாக இந்த வேலைக்கு வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. ஜன்னலில் ஒரு மாணவி

நான் வகுப்புக்குள் நுழைந்தபோது யாழினி ஜன்னல் திண்டில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒன்றாம் வகுப்பு.

"ஒரே பேஜாருங்க மேடம்," என்றார் வகுப்பாசிரியை மல்லிகா. "அஞ்சு நிமிசம் உக்கார மாட்டேங்கறா. நேத்து சொல்லிக்குடுத்த எழுத்து இன்னிக்கி ஞாபகம் இல்ல. பக்கத்துப் புள்ளய வேற கடிச்சி வெச்சிட்டா."

"கடிக்கல மிஸ்," என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "சும்மா ருசி பாத்தேன்."

சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

பட அட்டை, முதல் பெஞ்ச், சின்னச் சின்ன வேலை என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, அடிக்கடி வயிற்று வலி என்று அழுகிறாள் என்றார் அவள் அம்மா கலா. வீட்டைப் பார்க்க வருகிறேன் என்றேன்.

2. வீட்டின் பின்பக்கம்

கலா பட்டுத்தறி நெய்பவர். கணவர் சேகர் இன்வெர்ட்டர் பேட்டரி மெக்கானிக். நான் போனபோது அவர் வீட்டின் பின்பக்கம் பழைய பேட்டரிகளை உடைத்து, ஈயத் தகடுகளை இரும்புச் சட்டியில் உருக்கிக்கொண்டிருந்தார். நாலடி தள்ளி யாழினி தரையில் படிந்திருந்த சாம்பல் நிறத் தூளில் விரலால் மீன் வரைந்தாள். பிறகு அதே விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் என்று ஒரு பயிற்சியில் கேட்டிருந்ததைச் சேகரிடம் சொல்லி, பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னேன்.

"நான் சின்ன வயசுலேர்ந்து இதே வேலதாங்க செஞ்சிகினு கீறேன். எனக்கு இன்னா ஆச்சு?" என்றார் சேகர். ஆனாலும் மறுநாளே மகளைத் தூக்கிக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிவிட்டார். நானும் கூடப் போனேன்.

ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது.

"பெரியவங்கள விட கொழந்தைங்க ஒடம்பு ஈயத்த ஜாஸ்தி இழுத்துக்கும்," என்றார் டாக்டர். "மூளை வளர்ற வயசு. கவனம் நிக்காது, கோவம் வரும். கொழந்தையோட தப்பு இல்லங்க இது."

சேகர் மகளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார். பிறகு, "உருக்கறத நிறுத்திட்டா சரியாயிடுமா சார்?" என்றார்.

"முழுசா சரியாவும்னு வாக்கு குடுக்க முடியாது. ஆனா இப்பவே நிறுத்தினா இன்னும் கெடாது. நல்லா முன்னேறவும் வாய்ப்பு இருக்கு."

3. கழுவும் படலம்

சேகர் அடுப்பைப் பிரித்துப் போட்டார். பழைய பேட்டரிகளை முறையாக மறுசுழற்சி செய்யும் கம்பெனிக்கு அனுப்பினார். இனி சர்வீஸ் மட்டும்தான், அதுவும் கடைத்தெருவில் வாடகைக்குப் பிடித்த அறையில். வருமானம் குறைந்தது, கலா கூடுதலாக நெய்தார். பின்பக்கத்து மேல்மண்ணை டாக்டர் சொன்னபடி எடுத்து அப்புறப்படுத்திவிட்டுத் தளம் போட்டார்கள். தினமும் ஈரத்துணியால் வீட்டைத் துடைத்தார்கள். சத்து மருந்து, முட்டை, கீரை, சாப்பிடுமுன் சோப்பு. வேலை முடிந்து வரும் சேகர் குளிக்காமல் மகளைத் தொடுவதில்லை.

"பாருங்க டீச்சர், கல்யாணத்தன்னிக்கி கூட இந்த மனுசன் இவ்ளோ தேய்ச்சிக் குளிக்கல," என்றார் கலா. சேகர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மாதங்கள் ஓடின. ஒவ்வொரு பரிசோதனையிலும் ஈயம் இறங்கியது. யாழினிக்குப் பசி திரும்பியது. எழுத்துகள் மெதுவாகத்தான் வந்தன. இன்றும் கணக்கில் அவளுக்குக் கூடுதல் உதவி தேவை.

ஒரு நாள் வகுப்பில் முயல் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் மல்லிகா என் தோளைத் தொட்டு யாழினியைக் காட்டினார். சம்மணம் போட்டு, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கதை முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும் கை தூக்கினாள்.

"மிஸ், அந்த மொயலு அப்பறம் எங்க போச்சி?"

மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தட்டினார். ஏன் என்று புரியாமலே வகுப்பு முழுவதும் தட்டியது. எல்லோரையும் விடப் பலமாகத் தட்டியவள் யாழினிதான்.

அதன் பிறகு, அடங்காத பிள்ளை என்று யார் சொன்னாலும் நான் வளர்ப்பைப் பற்றி முதலில் கேட்டதில்லை. அந்தப் பிள்ளை எங்கே விளையாடுகிறது என்றுதான் கேட்டேன். நீங்களும் கேளுங்கள், போய்ப் பாருங்கள்.