பேலாபன நோட்டு

போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் பின்னாலிருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் ருக்மிணி சிஸ்டரைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. நோயாளி உளறினால் மற்றவர்கள் கேஸ் ஷீட்டில் 'உளறல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுப் போவார்கள். இந்த அம்மாள் மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, உளறுவதை வார்த்தைக்கு வார்த்தை ஒரு நோட்டில் எழுதுவாள்.

"அக்கா, மீ பேலாபன புஸ்தகம் எப்புடு அச்சு?" புத்தகம் எப்போது அச்சில் வரும் என்று தெலுங்கு நர்சுகள் சிரிப்பார்கள். பேலாபன என்றால் அவர்கள் பாஷையில் உளறல்.

சிரிக்கட்டுமே! அந்தச் சொல்லின் பூர்வீகத்தையும் அவள் விடவில்லை. காலுக்குக் கட்டுப்போட வந்த ஒரு தெலுங்குப் பண்டிதரைப் பிடித்துக் கேட்டாள். பிரலாபனம் என்ற வடசொல்தான் தேய்ந்து பேலாபன ஆனதாம். பிரலாபம் என்றால் பிதற்றுவது மட்டுமல்ல, அழுது புலம்புவதும்தானாம்.

"பாத்தீங்களா! புலம்பினா எங்கயோ வலிக்குதுன்னுதானே அர்த்தம்?" என்று அன்று முழுக்க வார்டையே கேட்டுத் துளைத்துவிட்டாள்.

2005-இல் தேவசகாயம் வந்து சேர்ந்தார். நாகர்கோவில்காரர். மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் மகன் ஜெபசிங் ஹெர்னியா ஆபரேஷனுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை பெரியவர் பேச ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. ஊசியைப் பிடுங்கினார், கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். தமிழ் தெரியாத டியூட்டி டாக்டர் ஷீட்டில் அந்த ஒற்றைச் சொல்லை எழுதி, கையைக் கட்டச் சொன்னார். சாயந்திரம் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு.

"அம்மா செத்து ஆறு வருஷம் ஆச்சு சிஸ்டர். அவங்க கூடப் பேசிட்டே இருக்காரு. அப்பாவுக்குப் புத்தி போயிட்டு," என்று அழுதான் ஜெபசிங்.

காலையிலிருந்து பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய நோட்டை ருக்மிணி நீட்டினாள். "அழறதை விட்டுட்டு இதைப் படி, தம்பி."

'எஸ்தரு, கோயில் மணி அடிச்சாச்சா. எஸ்தரு, அடிவயிறு பொறுக்கல்ல. கோழியப் பிடிச்சு அடை. எஸ்தரு, அடிவயிறு பொறுக்கல்ல.' ஒரே பக்கத்தில் ஏழு தடவை அடிவயிறு. மகன் காதில் அம்மா பெயர் மட்டும்தான் விழுந்திருந்தது.

அவள் அடிவயிற்றைத் தொட்டாள். கல் மாதிரி இருந்தது. முந்தின ராத்திரியிலிருந்து மனுஷன் மூத்திரமே போகவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

"கட்டகண்டி டாக்டர்காரு! இதி பேலாபன காது!" கட்டாதீங்க, இது உளறல் இல்லை என்று அவள் போட்ட சத்தத்தில் டாக்டர் ஓடிவந்தார். டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் இறங்கியது. மத்தியானத்துக்குள் பெரியவர் தெளிந்துவிட்டார்.

"நீ எதுக்குலே அழுத? எனக்கொரு கட்டஞ்சாயா வாங்கிட்டு வா," என்றார் மகனிடம். ருக்மிணிக்குப் பெருமை பிடிபடவில்லை. வார்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் காரணமில்லாமல் நாலு தடவை நடந்தாள்.

மறுவாரம் வேறொரு கிழவி வந்தாள், ஓயாமல் பிதற்றிக்கொண்டு. ஷீட்டில் எழுதப் பேனாவை எடுத்த அதே டாக்டர் மூடியைத் திரும்பப் போட்டார். ஸ்டூலைத் தன் கையாலேயே இழுத்துப் போட்டுவிட்டு, வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ருக்மிணி சிஸ்டர், ஏமண்ட்டுந்தோ விண்டாரா?"

அவள் நோட்டோடுதான் வந்துகொண்டிருந்தாள், கிழவி என்ன சொல்கிறாள் என்று கேட்க.