கொப்பியில் இருந்த எண்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் அம்மா எங்கள் வீட்டுச் சொந்தக்காரரைச் சாகடிக்கப் பார்த்தார். வேண்டுமென்றல்ல, களைப்பினால்.

ஜேர்மனியில் ஹம் நகரத்துக்கு வெளியே ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா பிராங்பேர்ட்டில் ஓர் உணவகத்தில் சமையல்வேலை செய்தார். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவார். அம்மா விடிய நாலு மணிக்கு எழும்பிப்போய் ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைப்பார். பின்னேரத்தில் ஓர் அலுவலகம். இரண்டுக்கும் இடையில் கிடைத்த நேரத்தில் எனக்கு அம்மாவாக இருந்தார்.

கீழ்த்தளத்தில் இருந்த வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டிய ஜேர்மன்காரர், வேட்டைக்காரர். அகதியாக வந்தவர்களுக்கு அந்தத் தெருவில் வேறு எவரும் வீடு கொடுக்காதபோது கொடுத்தவர். ஆகவே அவர் எதைக் கேட்டாலும் அம்மா மறுப்பதில்லை.

அவருடைய துவக்குக்கு உரிய தோட்டா எந்தக் கடையிலும் விற்பதில்லை. வேறொரு பெரிய தோட்டாவின் பித்தளைக் கோதை அச்சில் வைத்து அழுத்தி, அதன் கழுத்தை ஒடுக்கி, அவரே உருவாக்கிக்கொண்டது அது. அதற்கான அனுமதிப் பத்திரத்தை நிலவறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். கோதுக்குள் எவ்வளவு வெடிமருந்து போடலாம் என்பதும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பரீட்சித்துக் கண்ட அளவுகளை அவருடைய மனைவி ஒரு கொப்பியில் பென்சிலால் பொடிப்பொடியாக எழுதிவைத்திருந்தார். அந்த மனைவி இறந்து ஒரு வருடமாகியிருந்தது. வீட்டுக்காரரின் இரண்டு கண்களிலும் வெண்புரை. தராசின் பெரிய எண்கள் அவருக்குத் தெரிந்தன. கொப்பி தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கொப்பியை வாசித்துச் சொல்லமுடியுமா என்று வந்து கேட்டார். துவக்கு என்ற சொல்லுக்கே முகம் கறுக்கிற அம்மா, "ஓம் எண்டு சொல்லு" என்றார் என்னிடம். தனியே இறங்கப் பயந்து என்னையும் கூட்டிப்போனார்.

நிலவறையில் எண்ணெயும் உலோகமும் மணத்தன. இந்தமுறை வாங்கியது அதிகம் பழக்கமில்லாத வெடிமருந்து, அளவு நினைவில்லை என்றார் வீட்டுக்காரர். கூடிப்போனால் துவக்கு முகத்திலேயே வெடித்துவிடும் என்று தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். அம்மா கொப்பியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். முப்பத்துநாலு என்று இருந்தது.

ஜேர்மன் மொழியில் முப்பத்துநாலை 'நாலும் முப்பதும்' என்று தலைகீழாகச் சொல்ல வேண்டும். அம்மாவோ கண்ணுக்கு முதலில் பட்ட மூன்றை முதலில் சொன்னார். "மூன்றும் நாற்பதும்." வீட்டுக்காரருக்கு அது நாற்பத்துமூன்று.

"அவ்வளவா?" என்று கேட்டார் அவர்.

"யா, யா" என்றார் அம்மா. விளங்காத கேள்விகளுக்கெல்லாம் அவரிடம் இருந்த பதில் ஓம் என்கிற அந்த ஒரு சொல்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு முந்திய கிழமை பேக்கரியில் அம்மாவின் ஜேர்மனைத் திருத்தியிருந்தேன். பாண் விற்றவள் சிரித்துவிட்டாள். தெருவுக்கு வந்ததும் அம்மா, "இனி வெள்ளைக்காரருக்கு முன்னாலை என்னைத் திருத்தாதை" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். அதனால் அது எனக்கு ஆழமாகப் பதிந்திருந்தது.

வீட்டுக்காரர் தராசில் நிறுத்து நிறுத்து நிரப்பினார். மருந்து கோதுகளின் கழுத்துவரை வந்தது. இருபது தோட்டாக்கள். மேலே வந்ததும் சொல்வோம் என்றிருந்தேன். அம்மா மேற்சட்டையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்து அப்படியே நித்திரையாகிவிட்டார். எழுப்ப மனம் வரவில்லை. பிறகு அவர் வேலைக்குப் போய், நான் நித்திரையான பிறகுதான் திரும்பினார்.

அடுத்தநாள் காலை கார்க்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஜன்னலால் பார்த்தேன். வீட்டுக்காரர் துவக்குப் பெட்டியைக் காருக்குள் வைத்துக்கொண்டிருந்தார். காலுறையோடு படிகளில் இறங்கி ஓடினேன். அவர் காரைக் கிளப்பிவிட்டிருந்தார். ஜன்னல் கண்ணாடியில் இரண்டு கைகளாலும் தட்டி, அம்மா எண்ணை மாற்றி வாசித்துவிட்டார் என்று சொன்னேன்.

அவர் இயந்திரத்தை நிறுத்தினார். என்னை நிலவறைக்குக் கூட்டிப்போய்க் கொப்பியைத் தந்தார். வாசித்தேன். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு கதிரையில் உட்கார்ந்து, இருபது தோட்டாக்களையும் ஒவ்வொன்றாக எண்ணி மேசையில் வைத்தார்.

அவர் மேலே வந்தபோது தொப்பியைக் கையில் வைத்திருந்தார். கண் சத்திரசிகிச்சைக்குக் குறித்துத் தந்த நாளைப் பயத்தில் இரண்டுதரம் தள்ளிப்போட்டுவிட்டதாகவும், பிழை முழுக்கத் தன்னுடையது என்றும் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தார்.

"என்னவாம்?"

"நீங்கள் நம்பரை மாறி வாசிச்சிட்டீங்களாம். துவக்கு வெடிச்சிருக்குமாம். ஆனா தன்ரை பிழைதானாம்."

அம்மாவின் கை சுவரைத் தேடிப் பிடித்தது. வீட்டுக்காரர் படியிறங்கிப் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"நேற்றே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"வெள்ளைக்காரருக்கு முன்னாலை திருத்தாதை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அம்மா தரையில் உட்கார்ந்து, காய்ந்த உடுப்புகளை மடிக்கத் தொடங்கினார். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தார். தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போனேன்.

அடுத்த கிழமை டாக்டரிடம் போனபோது அம்மா என்னை முன்னுக்குத் தள்ளினார். "நீ கதை பிள்ளை. எனக்கு ஏலாது." விசா அலுவலகத்திலும் நான்தான் கதைத்தேன். பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றிய முறைப்பாட்டை ஆசிரியை சொல்ல, அதை அம்மாவுக்கு மொழிபெயர்த்ததும் நான்தான். கொஞ்சம் குறைத்துத்தான். அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். கெட்டிக்காரி என்பதால் எனக்குக் கிடைத்த இடம் அது என்று நான் பெருமைப்பட்டேன்.

போன மாதம் அம்மாவோடு பஸ்ஸில் ஏறினேன். சாரதி காலை வணக்கம் சொன்னார். முப்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிற அம்மா அவருக்குத் தலையை மட்டும் அசைத்துவிட்டு, பதில் சொல்லும்படி என்னைப் பார்த்தார்.