அஞ்சே நிமிஷம், பாய்

அந்தப் பாய் என்னை அழைத்தபோது என் யூனிஃபார்ம் சட்டை தஞ்சாவூரில் ஓர் இஸ்திரி வண்டியின் மேல் மல்லாந்து கிடந்தது. நான் பக்கத்தில் பனியனோடு நின்றிருந்தேன். நடுவழியில் நின்றுபோன கார்களுக்கு ஓடிப்போய் உதவுவது என் வேலை. ஓடுவதற்கு முன் அழகாக இருக்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். வாடிக்கையாளர் நம்மைப் பார்க்கும் முதல் பார்வையிலேயே பாதிப் பழுது சரியாகிவிட வேண்டும் என்பார் மேனேஜர். என் மூஞ்சியை வைத்துக்கொண்டு அது நடக்காது என்பதால் நான் வாயை நம்பியிருந்தேன். போனிலேயே ஆளைச் சிரிக்க வைத்துவிடுவேன் என்று கர்வம் வேறு.

கார் அம்மாபேட்டை தாண்டி, வயல்களுக்கு நடுவே நின்றுவிட்டதாம். அம்மாவை, அவர் பேச்சில் உம்மாவை, பார்க்க நாகப்பட்டினம் போகிறாராம்.

"உம்மாவையா? அப்ப மீன் குழம்பு ஆறுறதுக்குள்ள அனுப்பி வச்சிடுறேன் பாய்!" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சிக்னல் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"நாகப்பட்டினம் பஸ் ஒன்னு வருது தம்பி. கையக் காட்டி ஏறிடவா? இல்ல, நீங்க வந்துடுவீங்களா?"

"வந்துட்டே இருக்கேன் பாய். அஞ்சே நிமிஷம்."

எங்கள் பக்கத்தில் இதை யாரும் பொய் என்று சொல்லமாட்டார்கள். பந்தல்காரர் சொல்வார், சமையல்காரர் சொல்வார், அறுப்பு மெஷின்காரர் மூன்று நாள் முன்பிருந்தே சொல்வார். கேட்கிறவரும் தன் மனசுக்குள் அதை ஒரு மணி நேரமாக மாற்றி வைத்துக்கொள்வார். பாய் பல வருஷம் துபாயில் இருந்தவர், அன்று காலைதான் திருச்சியில் விமானத்திலிருந்து இறங்கி வாடகைக் கார் எடுத்திருக்கிறார் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அங்கே அஞ்சு நிமிஷம் என்றால் அஞ்சு நிமிஷம்தான் போல. மனிதர் பஸ்ஸை விட்டுவிட்டார்.

மடிப்புக் கலையாத சட்டையோடு நான் போய் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. புன்னகையைக்கூட வண்டியிலேயே மாட்டிக்கொண்டுதான் இறங்கினேன். பாய் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"தொழுகை நேரம் ஆச்சுல்ல, அடக்கத்துக்கு எடுத்துடுங்கண்ணே. எனக்காக உம்மாவைக் காக்க வைக்க வேணாம்."

அந்தப் புன்னகையைக் கழற்றி எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

பேட்டரி கம்பி ஒன்று கழன்றிருந்தது. இரண்டு நிமிஷ வேலை. நாலு கேள்வி கேட்டிருந்தால் போனிலேயே சொல்லியிருக்கலாம், அவரே அமுக்கி விட்டுக் கிளம்பியிருப்பார். நான்தான் மீன் குழம்பில் இருந்தேனே.

"ஸ்டார்ட் ஆயிடுச்சு பாய். கொஞ்சம் வேகமாப் போனீங்கன்னா..."

"முகம் பார்க்கத்தான் தம்பி வந்தேன். இனிமே மெதுவாப் போனாப் போதும்."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து உண்மையான நேரத்தைத்தான் சொல்கிறேன். அதனால் பாய்க்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை. எனக்கும் இல்லை, என் பேச்சில் களை போய்விட்டது என்கிறார் மேனேஜர். போன வாரம் நீடாமங்கலத்திலிருந்து ஓர் அம்மா அழைத்தார்.

"ஒரு மணி நேரம் ஆகும்மா. அவசரம்னா பஸ் பிடிச்சிடுங்க" என்றேன்.

"வர இஷ்டமில்லைன்னா நேராச் சொல்ல வேண்டியதுதானே?" என்று போனை வைத்துவிட்டார்.

அவர் மறுபடி கம்பெனிக்கு அழைக்க, அது எங்கள் இன்னொரு மெக்கானிக்குக்குப் போனது. டீக்கடையில் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "கிளம்பிட்டேங்கம்மா, இதோ" என்று சொல்லிவிட்டு, தட்டிலிருந்து இன்னொரு வடையை எடுத்தார்.